மருட்செடிக்கு நீர் வார்த்தல்

செடி ஒன்று வாடினால் அதற்கு நீர் போதவில்லை என்று எண்ணுவது உலக இயல்பு. செம்பை எடுத்து வேரிலே நீர் வார்ப்பதே அன்புடையோர் முதலிற் செய்யும் செயல். வாழைக்கும் கத்தரிக்கும் மல்லிகைக்கும் இந்த எண்ணம் பெரும்பாலும் பொருந்தும். வறட்சியைத் தாங்கி வாழும் இயல்புடைய செடிகளுக்கோ அது பொருந்துவதில்லை. வீட்டினுள்ளே சாடியில் வளரும் அத்தகைய செடிகள் நீரின்றி மடிவது அரிது. மிகுதியான நீரால் மடிவதே பெரும்பான்மை. நீர் வார்க்க மறந்தவர் வீட்டிலே செடி தழைத்து நிற்கும். நாள் தவறாது வார்த்தவர் வீட்டிலே அடி அழுகி விழும். “ஒருநாளாவது தண்ணீர் ஊற்றாமல் விட்டதில்லையே அக்கா, பிறகும் ஏன் அழுகிப் போயிற்று?” என்று அயல்வீட்டாரைக் கேட்கும் இல்லத்தரசிகள் கொழும்பிலே பலர். அவ்வினாவுக்கு விடை அவ்வினாவிலேயே இருக்கிறது. அதனை விளக்கி, நீர் வார்க்கும் முறை இன்னதென்று கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

எடுத்துக்காட்டாக ஒரு செடியைக் கொள்ளலாம். வாளை நாட்டியது போல நிமிர்ந்து நிற்கும் தடித்த இலைகளும், அவ்விலைகளிலே கரும்பச்சையும் வெண்பச்சையும் கலந்த குறுக்கு வரிகளும் உடைய செடி அது. பாம்பின் உடலை நினைவூட்டும் அவ்வரிகளால் அதனைப் பாம்புச் செடி என்று இக்காலத்திற் பலர் அழைக்கின்றனர். தமிழில் அதற்கு மருள் என்னும் பெயர் முன்னரே உண்டு. மரல் என்பது அதனினும் பழைய வழக்கு. வறண்ட நிலத்திலே மான்கள் தின்னும் செடியாக மரலைச் சங்கப் புலவர் பாடியுள்ளனர். சிங்கள மக்கள் இதனை நியந்த என்பர். இலையிலிருந்து உரித்தெடுக்கும் நார் வில்லுக்கு நாணாகக் கூடிய உறுதி வாய்ந்தது. அதனால் ஆங்கிலேயர் இதற்கு வில்நாண் சணல் என்று பொருள்படும் பெயரை இட்டனர்.

இலங்கைக்கும் இச்செடிக்கும் உள்ள உறவு அதன் அறிவியற் பெயரிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. ஒல்லாந்தர் காலத்திற் கொழும்பிலே மருத்துவராகப் பணியாற்றிய போல் ஹேர்மன் என்பவர் இத்தீவின் செடிகளைச் சேர்த்து உலர்த்தித் தொகுத்து வைத்தார். சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசு அத்தொகுப்பை ஆராய்ந்து 1747ஆம் ஆண்டில் இலங்கைத் தாவரங்களைப் பற்றித் தனி நூலொன்றை வெளியிட்டார். பின்னர் 1753ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பெருநூலிலே, மருளைக் கற்றாழை இனத்துள் அடக்கி, “செயிலானிக்கா”, அதாவது இலங்கைக்குரியது, என்னும் அடைமொழியை அதற்குச் சூட்டினார். அதன் பின் இனப்பெயர் இருமுறை மாறியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சான்செவியேரியா என்றாயிற்று. அண்மைக் காலத்து மரபணு ஆய்வுகளின் பின் திரசீனா என்னும் இனத்தோடு சேர்க்கப்பட்டது. செயிலானிக்கா என்னும் அடைமொழி மட்டும் இன்றுவரை மாறவில்லை. இலையின் ஓரம் மஞ்சளாக உள்ள வகையே இன்று வீடுகளில் மிகுதி. அது மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த உறவுச் செடி. இரண்டுக்கும் நீர் வார்க்கும் முறை ஒன்றே.

இனி, மருளின் பிறந்தகம் எத்தகையது என்பதைப் பார்த்தல் வேண்டும். செடியின் தேவையைக் கற்பிக்கும் முதலாசிரியன் அதன் பிறந்தகமே. இலங்கையை மழையின் அளவு கொண்டு ஈரவலயம், உலர்வலயம் என்று பிரிப்பது வழக்கம். ஆண்டு மழை ஏறத்தாழ 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த பகுதி உலர்வலயமாகும். அங்கே மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள சில மாதங்களிலே கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசி தொடங்கிப் பல மாதங்கள் காற்றும் வெயிலுமாகவே கழியும். மருள் இயல்பாக வளர்வது அவ்வலயத்தின் பாறைச் சரிவுகளிலும் மணற்பாங்கான பற்றைக் காடுகளிலுமாகும். மழை பெய்யும்போது அதன் வேர் முழுவதும் நனைகிறது. மழை ஓய்ந்ததும் நீர் மணலூடாக விரைந்து வடிந்துவிடுகிறது. பின்னர் நெடுநாள் மண் உலர்ந்தே கிடக்கிறது. வேர் நன்றாக நனைதலும், பின் நன்றாக உலர்தலும் ஆகிய இவ்விரண்டும் மாறி மாறி வருவதே மருள் அறிந்த வாழ்க்கை. நாள்தோறும் சிறிது சிறிதாக நனைந்து ஒருபோதும் உலராத மண்ணை அது தன் பிறந்தகத்தில் அறிந்ததேயில்லை.

நெடுநாள் வறட்சியை அது எவ்வாறு தாங்குகிறது? அதற்கு இரண்டு கருவிகள் உள. முதலாவது சேமிப்பு. தடித்த இலையின் உட்புறமும், மண்ணுக்குள் கிடையாக ஓடும் கிழங்கு போன்ற தண்டும் நீரைச் சேர்த்து வைக்கும் களஞ்சியங்கள். இலையின் மேலுள்ள மெழுகுத் தோல் அந்நீர் வெளியேறாமற் காக்கிறது. இரண்டாவது கருவி இதனினும் வியப்பானது. பெரும்பாலான செடிகள் பகலிலே தம் இலைவாய்களைத் திறந்து காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உட்கொள்ளும். வாய் திறந்திருக்கும்போது உள்ளிருக்கும் நீரும் ஆவியாகிப் போய்விடும். மருளோ பகலின் வெப்பத்தில் இலைவாய்களை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியிலே திறக்கிறது. இரவிற் பெற்ற காபனீரொட்சைட்டை ஒருவகை அமிலமாக மாற்றி வைத்துக்கொண்டு, மறுநாட் பகலிலே வாய் திறவாமல், ஒளியின் துணையோடு உணவு சமைக்கிறது. இரவிலே காற்று குளிர்ந்தும் ஈரமாயும் இருப்பதால் நீரிழப்பு மிகக் குறைவு.

இந்த இரவு வாழ்க்கையின் தடயம் தமிழ்நாட்டுக்கு அண்மையிலேயே அறியப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. சென்னை மாகாணத்தில் ஆங்கிலக் கம்பனியாரிடம் தாவரவியலறிஞராகப் பணிபுரிந்த பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் ரணகள்ளியின் இலையைச் சுவைத்துப் பார்த்தார். காலையிற் புளிப்பாயிருந்த இலை நண்பகலில் அப்புளிப்பை இழந்திருந்தது. மாலையிலோ சற்றுக் கசந்தது. இதனை அவர் இலண்டனுக்கு எழுதிய கடிதம் 1815ஆம் ஆண்டில் அச்சாயிற்று. இரவிற் சேர்ந்த அமிலம் பகலிற் செலவாவதே அச்சுவை மாற்றத்துக்குக் காரணம் என்பது பிற்காலத்துத் தெளிவு. ரணகள்ளியைச் சிங்களத்தில் அக்கப்பான என்பர். கொழும்பு வீட்டு முற்றங்களிற் காணக்கூடிய செடியே அது. மருளும் ரணகள்ளியும் வெவ்வேறு குடும்பத்தன. ஆயினும் நீரைச் சிக்கனமாகச் செலவிடும் வழி இரண்டுக்கும் ஒன்றே.

சிக்கனமாகச் செலவிடுபவனுக்கு அடிக்கடி பணம் அனுப்ப வேண்டியதில்லை. மருளுக்கும் அவ்வாறே அடிக்கடி நீர் வேண்டியதில்லை. அனுப்பிய பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். வேண்டாத நீரைச் செடி பூட்டி வைக்க இயலாது. அது மண்ணிலே தங்கிவிடுகிறது. தங்கிய நீர் என்ன செய்யும் என்பதை அறிவதற்கு, உலர்வலயத்துச் செடி வந்து குடியேறிய கொழும்பு வீட்டின் நிலையை முதலில் நோக்குதல் தகும். கொழும்பின் வடபகுதியில் உள்ள கிராண்ட்பாஸ் அதற்கு ஏற்ற இடம்.

கிராண்ட்பாஸ் என்னும் பெயர், களனி ஆற்றைக் கடக்கும் பெரிய துறை என்னும் பொருளிற் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. ஆற்றுத் துறையை அண்டிய அப்பகுதியைச் சிங்கள மக்கள் தொட்டலங்க என்பர். அங்கே 1822ஆம் ஆண்டிற் படகுகளை வரிசையாகப் பிணைத்துப் பாலம் அமைத்தனர். 1895ஆம் ஆண்டில் விக்டோரியாப் பாலம் அதன் இடத்தைப் பெற்றது. ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் இடங்களுள் ஒன்று அங்குள்ள நாகலகம் வீதியிலே இருக்கிறது. 1947, 1989, 2016 ஆகிய ஆண்டுகளிற் களனி பெருக்கெடுத்தபோது கொழும்பின் வடபுறத்துத் தாழ்நிலங்கள் வெள்ளத்தின் கொடுமையை அறிந்தன. ஆற்றின் அண்மையும் கடலின் அண்மையும் சேர்ந்து அங்குள்ள காற்றை எப்பொழுதும் ஈரமாகவே வைத்திருக்கின்றன. கொழும்பில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. தை, மாசி மாதங்களைத் தவிர மழை முற்றாக ஓய்ந்த காலம் என்று சொல்லத்தக்கது அரிது.

அங்குள்ள வீடுகளின் அமைப்பும் கருதத்தக்கது. ஒடுங்கிய முடுக்குகளின் இருமருங்கும் சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகளின் தொகுதியைக் கொழும்புத் தமிழர் தோட்டம் என்பர். மரஞ்செடி நிற்கும் தோட்டமன்று அது. மனிதர் நெருங்கி வாழும் தோட்டம். அங்கே நிலத்தில் நட ஒரு முழ இடமும் கிடைப்பது அரிது. ஆகவே படிக்கட்டின் ஓரத்திலும், யன்னல் விளிம்பிலும், விறாந்தைக் கம்பியிலும் சாடிகள் இடம் பெறுகின்றன. பழைய வாளி, பால்மாப் பேணி, வெட்டிய போத்தல் ஆகியனவும் சாடிகளாகின்றன. புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குச் சென்ற குடும்பங்களும் தம் சாடிகளைத் தம்மோடு கொண்டுசெல்கின்றன. இவ்வாறான இடங்களில் ஒளி குறைவு, காற்றோட்டமும் குறைவு. ஒளி குறைந்தால் செடி சமைக்கும் உணவு குறையும். உணவு குறைந்தால் அது பருகும் நீரும் குறையும். காற்று ஈரமாயிருப்பதால் மண் உலர்வதும் தாமதமாகும். ஆகவே வவுனியாவில் வெளிமுற்றத்தில் நிற்கும் மருளுக்கு ஒரு வாரத்திற் போதாத நீர், கிராண்ட்பாஸில் இருண்ட அறையில் நிற்கும் மருளுக்கு ஒரு மாதத்துக்கு மிகையாகலாம்.

தேங்கிய நீர் செடியைக் கொல்வது எங்ஙனம்? வேரும் மூச்சுவிடும் உறுப்பு என்பதைப் பலர் நினைப்பதில்லை. மண்துகள்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய வெளிகளில் நிற்கும் காற்றிலிருந்து வேர் ஒட்சிசனைப் பெறுகிறது. அவ்வெளிகள் யாவும் நீரால் நிறைந்துவிட்டால் ஒட்சிசன் வேரை அடைவது தடைப்படும். காற்றினூடே பரவுவதைவிட நீரினூடே ஒட்சிசன் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மூச்சுத் திணறிய வேர் வலுவிழக்கிறது. ஈரத்தை விரும்பும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் அவ்வேரைப் பற்றுகின்றன. வெண்மையாகவோ செம்மஞ்சளாகவோ உறுதியாக இருந்த வேர் கறுத்துக் குழைகிறது. அழுகல் கிழங்குத் தண்டை அடைந்து, இலையின் அடிப்பாகத்துக்கு ஏறுகிறது. இலை மஞ்சளித்து, அடி மெலிந்து, ஒருநாள் சாய்ந்து விழுகிறது.

இங்கே ஒரு பெரிய ஏமாற்றம் உள்ளது. வேர் அழுகிய செடியால் நீரை உறிஞ்ச இயலாது. உறிஞ்ச இயலாதபோது இலை சுருங்கித் துவளும். நீரின்றி வாடிய செடியும் அவ்வாறே சுருங்கித் துவளும். வெளித்தோற்றம் ஒன்றாகவே இருப்பதால், அழுகிய செடியைக் கண்டவர் அது தாகத்தால் வாடுகிறது என்று எண்ணி மேலும் நீர் வார்க்கின்றார். அதுவே அதன் முடிவாகிறது. ஆகையால் இலை துவண்டால் உடனே செம்பை எடுக்காமல், முதலில் மண்ணைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். மண் உலர்ந்திருந்து இலை சுருங்கினால் அது தாகம். மண் ஈரமாயிருந்து இலை சுருங்கினால் அது அழுகல். தாகத்தால் வாடிய மருள் ஒருமுறை நன்றாக நனைத்தால் சில நாட்களில் நிமிர்ந்துவிடும். அழுகிய வேரோ மீண்டும் முளைக்கும்வரை பணி செய்யாது.

மண்ணின் ஈரத்தை அறிவதற்குக் கருவி எதுவும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வீட்டு விளக்குமாற்றிலிருந்து உலர்ந்த ஈர்க்கு ஒன்றை உருவிக்கொண்டால் போதும். அதனைச் சாடியின் ஓரமாக, வேரைக் குத்தாதவாறு, அடிவரை மெல்லச் செலுத்திச் சிறிது நேரம் விட்டு எடுக்க வேண்டும். ஈர்க்கிலே மண் ஒட்டியிருந்தாலும், அதன் நிறம் நனைந்து கருத்திருந்தாலும் உள்ளே ஈரம் உண்டு, நீர் வார்க்கலாகாது. ஈர்க்கு உலர்ந்தே வெளிவந்தால் வார்க்கலாம். மேல்மண்ணைப் பார்த்து முடிவு செய்வது தவறு. மேலே ஒரு விரற்கடை மண் உலர்ந்து வெளுத்திருக்கும்போதும் அடியிலே சேறு இருக்கக்கூடும். சாடியைத் தூக்கிப் பார்ப்பது மற்றொரு முறை. நன்றாக நனைத்த அன்று ஒருமுறையும், நன்றாக உலர்ந்த பின் ஒருமுறையும் தூக்கிப் பார்த்தவரின் கை அவ்விரு பாரங்களையும் மறவாது.

நீர் வார்க்கும் நாள் வந்ததும், தயக்கமின்றி நிறைய வார்த்தல் வேண்டும். நாள்தோறும் அரைக் கோப்பை என்று வார்ப்பதைவிட, உலர்ந்தபின் ஒரேமுறையாக வேர் முழுவதும் நனைய வார்ப்பதே உலர்வலயத்து மழையை ஒத்தது. காலைப்பொழுது ஏற்றது, பகலின் வெப்பத்தில் மேலே தெறித்த நீர் உலர்ந்துவிடும். செம்பின் மூக்கை மண்ணை ஒட்டி வைத்து, சாடியைச் சுற்றி மெதுவாக வார்க்க வேண்டும். இலைகள் கூடும் குருத்தின் நடுவே வார்த்தலாகாது. அங்கே தேங்கும் நீர் குருத்தை அழுகச் செய்யும். அடித்துளை வழியே நீர் வடியத் தொடங்கும்வரை வார்த்துவிட்டு, கால்மணி நேரம் கழித்து, கீழே உள்ள பீரிசில் வடிந்த நீரை முற்றாகக் கொட்டிவிட வேண்டும். மண் மிக உலர்ந்து இறுகியிருந்தால் நீர் ஓரமாக வழிந்து உடனே வெளியேறிவிடும். அப்போது இரண்டு மூன்று தவணைகளாக வார்ப்பது நலம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பவர் உண்டு. அதற்குப் பொதுவான எண் கூறுவது பொருந்தாது. எனினும் ஒரு மதிப்பீடு உதவியாகலாம். தை, மாசி மாதங்களில், ஒளி நன்கு விழும் யன்னலருகே நிற்கும் செடிக்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீர் தேவைப்படலாம். அறையின் உட்புறத்திலுள்ள செடிக்கு மூன்று வாரமும் ஆகலாம். வைகாசியில் தென்மேற் பருவக்காற்று எழுந்தபின்பும், ஐப்பசி, கார்த்திகை மழையின்போதும், அதே செடிக்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ நீரின்றிக் கழியலாம். விறாந்தையின் விளிம்பில் நிற்கும் சாடியில் மழைச்சாரல் விழுமாயின் அதனை உள்ளே நகர்த்திவிட வேண்டும். ஐயம் தோன்றும் நாட்களில் வார்க்காமல் விடுவதே தக்கது. ஒரு வாரம் பிந்தினால் மருளுக்குக் கேடில்லை. ஒரு வாரம் முந்தினால் கேடுண்டு.

நீர் வார்க்கும் முறை எவ்வளவு நன்றாயிருந்தாலும், சாடியும் மண்ணும் தகாதனவாயின் பயனில்லை. சாடியின் அடியில் துளை கட்டாயம் வேண்டும். துளையற்ற பேணியில் நட்ட செடிக்கு நீர் வடிய வழியில்லை. ஆணியால் நான்கைந்து துளையிட்ட பின்னரே அதிற் செடியை நட வேண்டும். சுட்ட மண்சாடியின் சுவரினூடே ஈரம் வெளியேறும்; கிராண்ட்பாஸின் ஈரக் காற்றுக்கு அதுவே சிறந்தது. பிளாத்திக்குச் சாடியில் ஈரம் நெடுநாள் நிற்கும். ஆதலால் அதற்கு நீர் வார்க்கும் இடைவெளியை நீட்ட வேண்டும். வேர்க்கூட்டத்தைவிடச் சற்றே பெரிய சாடி போதும். சிறு செடியைப் பெருஞ்சாடியில் நட்டால், வேர் எட்டாத மண்ணிலே ஈரம் தேங்கிக் கிடக்கும்.

மண்ணைப் பொறுத்தவரை, வடிகால் ஒன்றே முதன்மையான இலக்கணம். கழுவிய பருமணல் ஒரு பங்கும், சாதாரணத் தோட்டமண்ணும் கூட்டெருவும் சேர்ந்து ஒரு பங்குமாகக் கலந்தால் மருளுக்குப் போதும். உடைந்த செங்கல்லை இடித்த சிறு துண்டுகளும் அதிற் சேரலாம். கடைகளிற் கிடைக்கும் தென்னந்தும்புத் தூளைத் தனியே நிரப்புவது ஈரவலயத்துக்கு ஏற்றதன்று. அது நீரைப் பஞ்சு போலப் பிடித்துக்கொள்ளும். சாடியின் அடியிற் கல்லடுக்கு இட்டால் நீர் நன்றாக வடியும் என்பது நெடுங்கால நம்பிக்கை. உண்மை அதற்கு மாறானது. நுண்ணிய மண், தான் நிறைந்து வழியும்வரை தன் நீரைக் கீழுள்ள பருங்கல்லுக்கு விடுவதில்லை. ஆகவே கல்லடுக்கு, ஈரம் தங்கும் பகுதியை வேருக்கு இன்னும் அண்மையாக உயர்த்துகிறது. மண் சிந்தாமலிருக்கத் துளையின் மேல் ஓட்டுத்துண்டு ஒன்றை வளைவு மேலாக வைத்தால் அதுவே போதும்.

இவ்வளவு நேரம் கூறியது செடியின் நலம். இனிக் கூறவேண்டியது மனிதரின் நலம். அது இதனினும் பெரிது. சாடியின் கீழே பீரிசில் தேங்கும் நீர் வேரை மட்டும் கெடுப்பதில்லை. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு விரும்பி முட்டையிடும் இடங்களுள் அதுவும் ஒன்று. அந்நுளம்பு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டைச் சூழவுள்ள சிறு கலங்களிலே தேங்கிய தெளிந்த நீரையே நாடும். முட்டையிலிருந்து குடம்பி தோன்றி, கூட்டுப்புழுவாகி, சிறகு பெற்ற நுளம்பாக வெளிவர ஏழு முதல் பத்து நாட்கள் போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டப்பட்ட முட்டைகள், நீர் வற்றிய பின்னரும் பல மாதம் உயிரோடிருந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். ஆதலால் பீரிசின் நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை அதன் உட்சுவரைத் தேங்காய்த் தும்பினால் உரசிக் கழுவவும் வேண்டும்.

இது வீணான அச்சமன்று. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் டெங்கு நோயாளராக அறிவிக்கப்பட்டோர் தொகை 186,101. அதுவரை நாடு கண்டிராத பெருந்தொகை அது. நானூறு பேருக்கு மேல் உயிரிழந்தனர். நோயாளர் மிகுந்த மாவட்டங்களுள் கொழும்பு முன்னின்றது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தத்தம் வளவில் நுளம்பு பெருகாமற் காப்பதை ஒவ்வொரு குடியிருப்பாளரின் கடமையாக்கியுள்ளது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வரும்போது பூச்சாடியின் அடித்தட்டையும் கவிழ்த்துப் பார்ப்பது இதனாலேயே. சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டங்களில் ஒரு வீட்டுப் பீரிசிற் பிறந்த நுளம்பு அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிப்பதற்கு நெடுந்தூரம் பறக்க வேண்டியதில்லை. பீரிசே இல்லாமற் சாடியை இரண்டு செங்கற்களின் மேல் உயர்த்தி வைப்பது எல்லாவற்றினும் எளிய காப்பு. வீட்டினுள்ளே தரை நனையும் என்று அஞ்சுவோர், நீர் வார்க்கும் நாளில் மட்டும் சாடியைக் குழாயடிக்குக் கொண்டுசென்று நனைத்து, வடிந்தபின் உள்ளே வைக்கலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை செய்யும் வேலையாதலால் அது பெருஞ்சுமையாகாது.

அழுகத் தொடங்கிய செடியைக் காக்க வழி உண்டா? உண்டு. சாடியைச் சாய்த்துச் செடியை வெளியே எடுத்து, ஈரமண்ணை உதறிவிட வேண்டும். கறுத்துக் குழைந்த வேரையும் தண்டையும் தூய கத்தியால், உறுதியான பகுதி தோன்றும்வரை வெட்டி நீக்க வேண்டும். எஞ்சியதை நிழலில் இரண்டு மூன்று நாள் வெட்டுவாய் உலருமாறு விட்டு, புதிய உலர்ந்த மணற்கலவையில் நட வேண்டும். நட்டவுடன் நீர் வார்ப்பது வழக்கமாயினும் இங்கே அது கூடாது. ஒரு வாரம் பொறுத்தே முதல் நீரை வார்க்க வேண்டும். தண்டு முழுவதும் அழுகி இலை மட்டும் உறுதியாயிருப்பின், இலையை நான்கு விரல் நீளத் துண்டுகளாக்கி, வெட்டுவாய் உலர்ந்தபின், அடிப்பக்கம் கீழாக மணலில் ஊன்றலாம். சில வாரங்களில் வேரும், சில மாதங்களிற் புது முளையும் தோன்றும். ஆனால் மஞ்சள் ஓரமுள்ள வகை இலைத்துண்டிலிருந்து முளைத்தால், மஞ்சள் நீங்கி வெறும் பச்சையாகவே வளரும். அவ்வழகு தொடர வேண்டுமாயின் கிழங்குத் தண்டைப் பிரித்தே நட வேண்டும்.

மருளுக்குக் கூறிய இம்முறை கற்றாழைக்கும் ரணகள்ளிக்கும், வறட்சியைத் தாங்கும் பிற வீட்டுச் செடிகளுக்கும் சிறு மாறுதலோடு பொருந்தும். அவையாவும் நீரைத் தம்முள்ளே சேர்த்து வைத்து, மெல்லச் செலவிட்டு வாழ்பவை. அவற்றுக்கு வேண்டியது நாள்தோறும் நீட்டும் செம்பு அன்று. நாள்தோறும் ஒரு பார்வையும், மண் உலர்ந்த நாளில் ஒரு நிறைவான நனைப்புமே. கிராண்ட்பாஸின் ஒடுங்கிய விறாந்தையிலே ஓர் ஈர்க்கும், துளையுள்ள ஒரு மண்சாடியும், இரண்டு செங்கற்களும் இருந்தால் அதற்கு வேண்டிய யாவும் உள. செடியும் நிமிர்ந்து நிற்கும். அயலிலுள்ள குழந்தைகளும் நோயின்றி இருப்பர்.